காலையில் ஸ்டார்ட் ஆகாத மோட்டாரும் பெயர்ப்பலகை இல்லாத கடையும்

கடைக்குப் பெயர் கிடையாது. குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவே கடற்கரைச் சாலையில் போனால், தகரக் கொட்டகை ஒன்றின் முன்னால் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டிரம்மும், மரச்சட்டத்தில் வரிசையாக மாட்டியிருக்கும் அவுட்போர்டு மோட்டார்களும் (வள்ளத்தின் பின்பக்கம் வெளியே மாட்டுகிற வகை) தெரியும். அதுதான் கடை. யாரிடம் கேட்டாலும் "என்ஜின் பாக்குற அண்ணாச்சி கடையா?" என்று கை காட்டுவார்கள். நானும் அண்ணாச்சி என்றே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். கடை நடத்தும் விதத்துக்கு மூன்று கொடுத்தாலே அதிகம்.

என்னுடையது 9.9 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் மோட்டார், பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஓட்டுகிற வகை. பைபர் வள்ளத்தில் மாட்டி, தூண்டில் போடத்தான் பெரும்பாலும் போவோம். தொல்லை என்னவென்றால் காலையில் முதல் ஸ்டார்ட். சோக்கை இழுத்து வைத்துக் கயிற்றை இழுத்தால் ஒரு தும்மல், அதோடு சரி. தோள்பட்டை கழன்றுவிடும் போல இழுத்த பிறகு, ஏதோ மனசு இரங்கியதுபோல ஓட ஆரம்பிக்கும். ஒருமுறை பிடித்துவிட்டால் அப்புறம் மதியம்வரை ஒரே இழுப்புதான், ஒரு குறையும் சொல்ல முடியாது.

கரையில் நின்று கேட்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்கள் பக்கம் துறைமுகத்துக்குள் கட்டிப்போடாத வள்ளங்களை மணலிலிருந்து தள்ளி, துடுப்பு போட்டு அலையைத் தாண்டித்தான் மோட்டாரைப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் அது பிடிக்காவிட்டால் வள்ளம் குறுக்கே திரும்பும். குறுக்கே திரும்பிய வள்ளத்தின்மேல் அடுத்த அலை வந்தால் வலை, சாப்பாடு, ஆள் எல்லாம் தண்ணீரில்தான்.

இந்தக் கடைக்கு வருவதற்கு முன் வேறொரு பட்டறையில் காட்டினேன். எந்தப் பட்டறை என்பது இங்கே வேண்டாம். மோட்டாரைப் பார்த்ததும் "காயில் போயிருக்கும்" என்றார்கள். காயில் மாற்றினார்கள், பிளக் மாற்றினார்கள், பில்லும் கொடுத்தார்கள். ரெண்டு மூன்று நாள் நன்றாக ஓடியது. அப்புறம் பழைய கதை. திரும்பக் கொண்டுபோனபோது "அப்படின்னா சி.டி.ஐ. யூனிட்தான்" என்றார்கள், அதாவது பொறிக்கான மின்சாரத்தைக் காயிலுக்கு அனுப்பும் பெட்டி. அதன் விலையைக் கேட்டதும் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அண்ணாச்சி மோட்டாரைத் தொடவே இல்லை. முதலில் கேட்ட கேள்வி: "தம்பி, குளுந்து கெடக்கும்போது படுத்துதா, சூடாவுன பொறவு படுத்துதா?" காலையில் மட்டும் என்றேன். "சூடா இருக்கும்போது ஒரே இழுப்பா?" ஆமாம் என்றேன். "அப்போ சி.டி.ஐ. இல்ல. அது சூட்டுல சாவுற சாதனம்."

இதை நான் அவர் சொன்னதற்காக மட்டும் நம்பவில்லை. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். காயில், சி.டி.ஐ. போன்ற மின்சாரப் பொருள்கள் பழுதாகும்போது பெரும்பாலும் சூடேறிய பிறகுதான் காலை வாரும்: ஓடிக்கொண்டே இருந்து நிற்கும், ஆறினால் மறுபடி ஓடும். குளிரில் முரண்டு பிடித்து, சூட்டில் சமர்த்தாக இருக்கும் மோட்டாருக்குப் பெரும்பாலும் பெட்ரோல் வரும் வழியில்தான் கோளாறு. குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாகத் தேவை. சோக் இருப்பதே அதற்குத்தான். வழியில் சின்ன அடைப்போ, காற்றுக் கசிவோ இருந்தால் அந்தக் கூடுதல் போய்ச் சேராது. சூடான எஞ்சினுக்குக் கொஞ்சமே போதும் என்பதால் அப்போது குறை வெளியே தெரியாது.

அடுத்து அவர் எடுத்தது டேங்க் குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் பல்பை. அதில் அம்புக்குறி ஒன்று இருக்கும். அது மோட்டாரைப் பார்த்திருக்க வேண்டும். பல்பைப் படுக்க வைத்து அமுக்காமல், அம்புக்குறி மேலே பார்க்கும்படி செங்குத்தாகப் பிடித்து அமுக்கினார். உள்ளே இருக்கும் வால்வு அப்போதுதான் ஒழுங்காக உட்காருமாம். அமுக்க அமுக்க பல்பு இறுகியது. நான் சரிதான் என்று நினைத்தேன். அவர் அதை என் கையில் கொடுத்து, "புடிச்சிட்டே இரு" என்று சொல்லிவிட்டு வேறொருவர் மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டார். டீ வந்தது. குடித்து முடிப்பதற்குள் பல்பு மெதுவாக என் கைக்குள் தளர்ந்துவிட்டது.

குழாய் மோட்டாரில் போய்ப் பொருந்தும் கனெக்டரைக் கழற்றி உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை நகத்தால் நெம்பி எடுத்தார். ஓ-ரிங் ஒரு பக்கம் தட்டையாகி, விரலால் வளைத்ததும் வெடிப்புத் தெரிந்தது. ராத்திரி முழுக்க மோட்டார் நிற்கும்போது இந்த வெடிப்பு வழியாகக் காற்று உள்ளே போய், குழாயில் இருக்கும் பெட்ரோல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடும். மோட்டார் ஓடும்போது பெட்ரோல் பம்பு சமாளித்துக்கொள்ளும். காயிலுக்குக் கொடுத்த காசில் எத்தனை ஓ-ரிங் வாங்கலாம் என்று கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை.

ஓ-ரிங்கை மாற்றிவிட்டு அத்தோடு அனுப்பியிருந்தால்கூட நான் சந்தோஷமாகப் போயிருப்பேன். அவர் விடவில்லை. டேங்கைச் சாய்த்து, அடியில் இருந்து பெட்ரோலை ஒரு காலி தண்ணீர் பாட்டிலில் பிடித்து வெயிலில் வைத்தார். சிறிது நேரத்தில் பாட்டிலின் அடியில் கலங்கலாக ஒரு தனி அடுக்கு. மேலே எண்ணெய் கலந்த பெட்ரோலின் நிறம், கீழே நிறமே இல்லாத வேறொன்று.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது என் மோட்டாருக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை. நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பது 2022 ஜூனில் 10 சதவீதத்தை எட்டியது. 2023 முதல் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் பங்க்குகளுக்கு வர ஆரம்பித்தது. எத்தனாலுக்குத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. ஒரு அளவுவரை பெட்ரோலோடு கலந்தே இருக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் போய் உட்கார்ந்துவிடும். தினமும் பெட்ரோல் போட்டுத் தினமும் ஓடும் பைக்குக்கு இது பெரிய விஷயம் இல்லை. கடல் காற்றில், பாதி காலியான டேங்கில், "கடலுக்குப் போக வேண்டாம்" என்ற எச்சரிக்கை நாள்கணக்கில் நீளும்போது கரையிலேயே கிடக்கும் பெட்ரோலுக்கு இது பெரிய விஷயம். குழாயோ டேங்கின் அடியில் இருந்துதான் உறிஞ்சுகிறது. டூ ஸ்ட்ரோக்குக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: பிரிந்து அடியில் நிற்கும் அந்த அடுக்கில் நாம் கலந்த எண்ணெய் இருக்காது. அதைக் குடித்து எப்படியோ ஓடினாலும், பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் எண்ணெய் இல்லாத ஓட்டம் அது.

அண்ணாச்சியின் தீர்வு எளிமையானது. அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்கச் சொல்கிறார். கடலுக்குப் போகாத நாள்கள் நீளும்போது டேங்கைக் காலி செய்துவிட வேண்டும். தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டி ஒன்றைக் குழாயில் மாட்டச் சொன்னார், அதையும் வாங்கினேன். அடியில் கண்ணாடிக் கிண்ணம் வைத்த வகை. தண்ணீர் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும், திருகைத் திறந்து விட்டுவிடலாம். ஆனால் தனியாகப் பிரிந்து நிற்கும் தண்ணீரைத்தான் அது பிடிக்கும், எத்தனாலோடு கலந்திருப்பதைப் பிடிக்காது என்று அவரே சொன்னார். விற்கிறவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருவது அபூர்வம்.

அப்புறம்தான் கார்புரேட்டர். மிதவைக் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் பச்சையாகப் பாசி பிடித்ததுபோல் பிசுபிசுப்பு. பழைய பெட்ரோல் வற்றி, கலந்த எண்ணெய் மட்டும் மிஞ்சினால் இப்படித்தான் ஆகும். பெட்ரோலை அளந்து விடுகிற துளைத் திருகுகள்தான் ஜெட். அதில் மெயின் ஜெட் பரவாயில்லை. ஸ்லோ ஜெட்டைத் திருகி எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். பித்தளைத் துண்டு, அரிசி நீளம்கூட இருக்காது. நடுவில் இருக்க வேண்டிய துளையில் வெளிச்சமே வரவில்லை. குளிரில் ஸ்டார்ட் ஆவதும் முடுக்காமல் ஐடிலிங்கில் ஓடுவதும் அந்தத் துளையை நம்பித்தான். ஸ்டார்ட் ஆன பிறகு முடுக்கினால் மெயின் ஜெட் வேலைக்கு வந்துவிடும், அதனால்தான் ஓட்டத்தில் குறை தெரியவில்லை.

ஜெட்டைக் குத்தி எடுக்க ஊசியோ கம்பியோ எடுப்பார் என்று பார்த்தேன். கூரையில் செருகி வைத்திருந்த தங்கூசிச் சுருளிலிருந்து ஒரு சாண் வெட்டினார். ஆமாம், வலைக்கும் தூண்டிலுக்கும் போடுகிற அதே நைலான் தங்கூசிதான், இருப்பதிலேயே மெல்லிய நம்பர். கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சி, ஊறவிட்டு, தங்கூசியை நுழைத்து முன்னும் பின்னும் இழுத்தார். கம்பி பித்தளையைக் கீறிவிடும். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் பெட்ரோல் கணக்கு மாறிவிடும். தங்கூசிக்கு அந்த முரட்டுத்தனம் இல்லை. மறுபடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். இந்த முறை ஒரு புள்ளி தெரிந்தது.

பிளக்குக்கு அவ்வளவு நேரம் செலவாகவில்லை. என் மோட்டாருக்கு என்.ஜி.கே. பி7எச்எஸ்-10, அந்தக் கடைசிப் பத்துக்கு அர்த்தம் இடைவெளி 1 மில்லிமீட்டர். முந்தைய பட்டறையில் மாட்டியிருந்தது சரியான நம்பர்தான், ஆனால் ஒன்று மட்டும் கறுத்து ஈரமாக இருந்தது. கழற்றி, துடைத்து, டெஸ்டரில் மாட்டிப் பார்த்தார். இரண்டிலும் பொறி கணீரென்று நீலமாக விழுந்தது. பிளக்கை எஞ்சின் உடம்பில் வைத்துப் பொறி பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வந்துகொண்டிருக்கும்போது அதன் பக்கத்திலேயே பொறியைத் தட்டுவது எப்படிப்பட்ட வேலை என்று சொல்லத் தேவையில்லை. இவர் டெஸ்டரைத் தள்ளி வைத்து, துளைகளைத் துணியால் அடைத்துவிட்டுத்தான் கயிற்றை இழுத்தார். சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் மாட்டியும் பார்த்தார். எண் எவ்வளவு என்பதைவிட இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இருக்கிறதா என்பதே முக்கியம், இல்லை.

எண்ணெய் விஷயத்தில் அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்கிற ஆட்களைப் பார்த்தேன். பைக் கடையில் கிடைக்கும் 2டி எண்ணெயை ஊற்றுவது ஒரு பக்கம். "கூட இருந்தா நல்லதுதானே" என்று கணக்கில்லாமல் ஊற்றுவது இன்னொரு பக்கம். அவுட்போர்டுக்கு என்றே டிசி-டபிள்யூ3 தரம் போட்ட எண்ணெய் வருகிறது, அது சாம்பல் விடாத வகை. உங்கள் மோட்டார் புத்தகத்தில் 50-க்கு 1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, அவ்வளவுதான். கூடப் போட்டால் பிளக் ஈரமாகி, அடுத்த நாள் காலையில் அதுவே ஸ்டார்ட் ஆகாத காரணமாகிவிடும்.

நான் காத்திருந்தபோது வயதான ஒருவர் ஆட்டோவில் மோட்டாரைப் போட்டுக்கொண்டு வந்தார். ராத்திரி நன்றாக ஓடியதாம், காலையில் உயிரே இல்லையாம். அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "மாமா, சிவப்புக் கயிறு எங்க?" என்றார். அவசர நிறுத்தத்துக்கு மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற கயிறு. அதன் நுனியில் இருக்கும் கிளிப் சுவிட்சில் செருகியிருந்தால்தான் பொறி வரும். பேரன் விளையாட எடுத்துப் போயிருக்கிறான். கடையில் கிடந்த கிளிப் ஒன்றைச் செருகி இழுத்ததும் பிடித்துக்கொண்டது. காசு வாங்கவில்லை, ஆட்டோக் கூலிதான் மாமாவுக்கு நஷ்டம். நீங்களும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும்முன் அந்தக் கிளிப்பையும், டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா என்பதையும், கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தால் சோக்கைத் தள்ளிவிட்டு, பிளக்கைக் கழற்றித் துடைத்து, சும்மா சில இழுப்பு இழுத்து ஆறவிடுங்கள். இழுக்கும் முறையும் ஒன்று உண்டு: முதலில் மெதுவாக இழுத்து, பல் கடித்து இறுக்கம் தெரிந்ததும் வெடுக்கென்று முழு வீச்சில் இழுக்க வேண்டும். பேட்டரி இல்லாத மோட்டாரில் ஃபிளைவீல் சுற்றும் வேகம்தான் பொறிக்கான மின்சாரம். சோம்பலாக இழுத்தால் நல்ல மோட்டாரும் பிடிக்காது.

மண்ணெண்ணெய் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு அவர் திரும்பத் திரும்பச் சொல்வது, நிறுத்துவதற்கு முன் பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள் என்பது. கரைக்கு வருகிற அவசரத்தில் மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால் கார்புரேட்டரில் அதுதான் நிற்கும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது, மறுநாள் காலை இழுத்துச் சாக வேண்டியதுதான்.

கடைசியில் டிரம்மில் இறக்கி ஓட்டிக் காட்டினார். தண்ணீர் உறிஞ்சும் துளைகள் நன்றாக மூழ்கும் வரை டிரம்மை நிரப்பிய பிறகுதான் கயிற்றைத் தொட்டார். "ஒரு நிமிஷம்தானே" என்று தண்ணீர் இல்லாமலே ஓட்டிப் பார்க்கிற பட்டறைகள் உண்டு. எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீரை இழுக்கும் ரப்பர் இம்பெல்லர் தண்ணீர் இல்லாமல் சுற்றினால் கருகிவிடும். சோக்கோடு ஒரு தும்மல், அடுத்த இழுப்பில் பிடித்தது. பக்கவாட்டில் தண்ணீர் தாரை ஒழுங்காக வந்தது. நிறுத்தும்போது சுவிட்சைத் தொடாமல் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டார். கிண்ணத்தில் மிச்சம் இருந்ததைக் குடித்து முடித்து மோட்டார் தானாக நின்றது. நீண்ட நாள் ஓடாமல் வைக்கப் போகிறீர்கள் என்றால் இப்படித்தான் நிறுத்த வேண்டும் என்றார்.

கூலி 700 ரூபாய். வடிகட்டியும் புதுக் குழாய் செட்டும் தனி. கழற்றிய ஓ-ரிங்கையும் பழைய குழாயையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். கேட்காமலே பழைய பொருளைத் திருப்பிக் கொடுக்கிற மெக்கானிக்கை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முதல் பட்டறையில் என் பழைய காயில் என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது. அது நல்ல காயில்தான் என்று இப்போது சந்தேகம்.

இனி குறைகள். போன் எடுக்க மாட்டார். எடுத்தாலும் "வாங்க பாப்போம்" என்பதற்குமேல் ஒரு வார்த்தை வராது. பில் கிடையாது, நோட்டு அட்டையில் எழுதிக் கிழித்துக் கொடுப்பார், கணக்கு வைப்பவர்களுக்கு அது உதவாது. இத்தனை பெட்ரோல் புழங்குகிற இடத்தில் தீயணைப்பான் ஒன்றுகூட இல்லை, ஒரு வாளி மணல் மட்டும் இருக்கிறது, அதிலும் யாரோ டீ கிளாஸைச் செருகி வைத்திருந்தார்கள். நேரில் சொன்னேன், சிரித்தார். இது சிரிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். உதிரி பாகங்கள் எல்லாம் கையிருப்பில் இருக்காது. ஃபோர் ஸ்ட்ரோக், பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வகைகளைத் தொடவே மாட்டார். "அதுக்கு லேப்டாப்பு வேணும் தம்பி, கம்பெனி சர்வீசுக்குப் போ" என்று அனுப்பிவிடுவார். இதைக் குறை என்று சொல்லவும் மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சனிக்கிழமை மதியம் போகாதீர்கள். மறுநாள் கடலுக்குப் போகாத வள்ளக்காரர்கள் அத்தனை பேரும் அன்றைக்குத்தான் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வாரநாளில், வள்ளங்கள் கரை சேர்வதற்கு முன் போனால் நிதானமாகப் பார்ப்பார். போகும்போது டேங்கையும் குழாயையும் அதிலிருக்கும் பெட்ரோலோடு அப்படியே கொண்டுபோங்கள். மோட்டாரை மட்டும் தூக்கிக்கொண்டு போனால், "பாதிதான் வந்திருக்கு, மீதியையும் கொண்டா" என்று திருப்பி அனுப்புவார்.